ரிப்பனில் மிஞ்சிய படம்

பெரம்பூர், சென்னை
2.11.2024

அன்புள்ள ஜாஸ்பின் அக்காவுக்கு உன் தம்பி ஜெரோம் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிளெஸ்ஸியும் அவள் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? சர்க்கரை மாத்திரையை வேளைக்குப் போடுகிறாயா?

இன்று கல்லறைத் திருநாள். ஆவூரில் அப்பா அம்மா கல்லறையில் நீ ஒருத்தியாகத்தான் மெழுகுவர்த்தி வைத்திருப்பாய். கடையில் தீபாவளிக் கூட்டம் இன்னும் ஓயவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

ஒரு பார்சல் வரும். பயப்படாதே, வெடி இல்லை. வீட்டிலேயே போட்டோ போடுகிற சின்ன பிரிண்டர். எங்கள் கேமரா கடையில் இதை வாங்கி அடுக்கலாமா என்று முதலாளி யோசிக்கிறார். "கிராமத்துல ஒரு வீட்டுல மூணு மாசம் ஓட்டிப் பாத்து, நல்லது கெட்டதக் கையால எழுதி வாங்கிட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டார். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. தையல் மிஷினைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறவள் நீ. நிறத்தைத் தாளில் பார்த்தால்தான் தெரியும், போனில் தெரியாது. ஆகவே பிரிண்டையும் கடிதத்தையும் தபாலிலேயே அனுப்பு.

படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேரும் இதோடு வருகிறது. பிளெஸ்ஸியின் பழைய லேப்டாப்பில் ஏற்றியிருக்கிறேன். இங்கே பன்னிரண்டு படம் போட்டுப் பார்த்தோம். அதையெல்லாம் லேப்டாப்பிலிருந்து துடைத்தாயிற்று. மை கிடையாது, டப்பாவுக்குள் சாய நாடாதான்; இப்போது மாட்டியிருக்கும் ரிப்பனில் இன்னும் ஆறு படம் வரும். புது ரிப்பன் தனியாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தம்பி,
ஜெரோம்


ஆவூர்
14.11.2024

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பி ஜெரோமுக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நல்ல சுகம். மாத்திரை போடுகிறேன். உன் வாயுத் தொல்லை எப்படி? ராத்திரி பரோட்டாவை விட்டாயா இல்லையா?

பார்சல் வந்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கிறது, ஆனால் பண்ணுகிற அழிச்சாட்டியம் பெரிது. தாளை உள்ளே இழுக்கிறது, வெளியே தள்ளுகிறது, மறுபடி இழுக்கிறது. நாலு தடவை. முதலில் மஞ்சள், அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் ஒரு மினுமினுப்பு. முதல் படம் அடுத்த வீட்டு ஆண்டிச்சாமி அண்ணனுடையது. மீசையை முறுக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மஞ்சளாக முகம் வெளியே வந்ததும் அலறிவிட்டார். "ஏந்தங்கச்சி, எனக்கு மஞ்சக்காமாலைன்னு மிசினே சொல்லுதே!" நாலாவது தடவை வெளியே வந்ததும் படத்தைப் பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். உனக்காக இன்னொன்று போட வேண்டியதாயிற்று.

குறையை எழுது: சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. தாள் பின்பக்கமும் ஒரு சாண் நீட்டுகிறது. நான் சுவரோரம் வைத்தேன், தாள் முட்டி மடங்கிவிட்டது. நடுவில் கரண்ட் போனால் அந்தத் தாள் பாழ். என் கறுப்புக் கோழி வெறும் மஞ்சளும் சிவப்புமாக நிற்கிறது, அதையும் வைத்திருக்கிறேன்.

பிளெஸ்ஸிக்கு இருபத்துநாலு நடக்கிறது. எங்காவது பேசுகிறீர்களா? நான் அவளுக்கு அத்தை மட்டுமில்லை, ஞானத்தாயும் நான்தான். கோயிலில் அவளைக் கையில் ஏந்தி நின்றவள். மறக்காமல் எழுது.

பாசத்துடன் அக்கா,
ஜாஸ்பின்


பெரம்பூர்
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் சுகம், உன் சுகமே வேண்டியது. பரோட்டாவைக் குறைத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்து முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். சுவர் விஷயத்தைச் சென்னைக்காரன் ஒருவனும் சொல்லவில்லை. அடுத்து சாஃப்ட்வேரைப் பார். முகத்தைச் சீராக்க ஒரு பட்டன் இருக்கிறது. வேண்டாததை அழிக்க ஒரு பிரஷ் இருக்கிறது. முகப் பட்டனைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

ஒரு சின்ன வேலை. பிளெஸ்ஸியின் ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். நம் பங்குக் கோயில் அலுவலகத்தில் கேட்டு வாங்கி அனுப்பு. ஏதோ ஆபீஸ் காரியம்.

அன்புடன்,
ஜெரோம்


ஆவூர்
20.12.2024

இயேசு மரி சூசை துணை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். கிறிஸ்துமஸ் வாழ்த்து உங்கள் மூவருக்கும். பிளெஸ்ஸிக்கு ஒரு சுடிதார் தைத்து வைத்திருக்கிறேன், பழைய அளவுதான்.

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. உபதேசியார் பீட்டர்தான் எழுதிக் கொடுத்தார். "என்னாக்கா, பிளெஸ்ஸிக்குக் கல்யாணமா? வாயே தொறக்கலியே! மாப்பிள்ள எந்த ஊரு?" என்று கேட்டார். ஞானஸ்நானச் சான்றிதழை எந்த ஆபீசில் கேட்பார்கள், ஜெரோம்? அங்கே பத்துப் பேர் நின்றார்கள். சொந்தத் தம்பி மகள் சமாச்சாரம் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்ல? "பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றேன். வெளியே வந்தபோது காது மடல் எரிந்தது.

சரி, முகப் பட்டன். என் படத்தில்தான் பார்த்தேன். பத்தொன்பது வயதில் வாயோரத்தில் ஆரம்பித்த வெண்புள்ளி இப்போது கண்ணைச் சுற்றி, கழுத்து, இரண்டு கை என்று பரவியிருப்பது உனக்குத் தெரியும். ஒட்டாது என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டாலும், ரவிக்கை தைக்க வருகிறவர்கள் அளவு நாடாவைத் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பட்டனை ஒரு அமுக்கு அமுக்கினேன். ஒரு புள்ளியும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு நொடியில் போய்விட்டது. ஒரே மாநிறம்.

உண்மையைச் சொல்கிறேன், ரெண்டு பிரிண்ட் போட்டேன். ஒன்றைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆண்டிச்சாமி அண்ணன் பெண்சாதி வந்து, "இது யாரு, ஒங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். எனக்கு ஏது தங்கச்சி? வெட்கம் பிடுங்கித் தின்றது. எடுத்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். இன்னொன்றை உனக்கு அனுப்புகிறேன். பட்டன் நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் முதலாளியிடம் சொல். மற்றதைச் சொல்லாதே.

அக்கா,
ஜாஸ்பின்


பெரம்பூர்
5.1.2025

அன்புள்ள அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். கேக் வந்ததா?

உன் படம் ரொம்ப நன்றாக இருக்கிறது, அக்கா. எடுத்து ஏன் உள்ளே போட்டாய்? அதையே வெளியில் வைத்துக்கொள்.

கல்யாணம் என்று முடிவாக எதுவும் இல்லை. பேச்சுதான். நேரம் வரும்போது நானே சொல்வேன். பீட்டரிடம் அதற்குமேல் எதுவும் பேசாதே.

தீர்ந்துபோன ரிப்பனை என்ன செய்வது, குப்பையில் போட்டால் போதுமா என்று முதலாளி கேட்கிறார். அதையும் பார்த்து எழுது.

ஜெரோம்


ஆவூர்
26.1.2025

தம்பி ஜெரோமுக்கு, நான் இருக்கிறேன்.

ரிப்பனைப் பற்றிக் கேட்டாய். பழைய ரிப்பன் பொங்கலுக்கு முந்தியே தீர்ந்தது. கொல்லையில் கடலை போட்டிருக்கிறேன். முளை விட்டதும் விராலிமலைப் பக்கத்து மயில்கள் வந்து கிளறிப் போட்டுவிடுகின்றன. மினுமினுக்கிற நாடா கட்டினால் மயில் ஒதுங்கும். ரிப்பனைக் குப்பையில் போடுவானேன் என்று டப்பாவை உடைத்து, உருவி, குச்சிக்குக் குச்சி கட்டிக்கொண்டே போனேன். வெயில் அதற்குப் பின்னால் இருந்தது.

உங்கள் கடைக்காரர்களுக்கு இது தெரியுமோ என்னவோ. போட்ட படமெல்லாம் அந்த ரிப்பனிலேயே இருக்கிறது. ஒவ்வொரு படமும் மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. பழைய ஸ்டூடியோ நெகட்டிவ் மாதிரி கறுப்பும் வெளுப்பும் இடம் மாறி. லேப்டாப்பில் நீ துடைத்தாய். ரிப்பனைத் துடைக்கவில்லை.

ஆண்டிச்சாமி அண்ணன் மீசை வெள்ளையாக இருந்தது, சிரித்தேன். கோழியைப் பார்த்தேன். அதற்கு முந்தி நீங்கள் போட்ட படங்கள். போன வருஷம் சாமியார் வந்து உன் புது வீட்டை மந்திரித்த அன்று எடுத்தது. நீ, பிளெஸ்ஸி அம்மா, பிளெஸ்ஸி, ஓரத்தில் நான். என் புள்ளியெல்லாம் கறுப்பாகவும் மற்ற இடம் வெளுப்பாகவும் தெரிந்தது. என்னை எனக்குத் தெரியாதா? பிளெஸ்ஸி என் தோளில் கை போட்டிருந்தாள்.

அடுத்த படமும் அதேதான். நீ, பிளெஸ்ஸி அம்மா, பிளெஸ்ஸி. நான் நின்ற இடத்தில் திரைச்சீலை தொங்கியது. பிளெஸ்ஸி கை மட்டும் அந்தரத்தில் நின்றது. அந்தப் படத்தை ஒன்றுக்கு ரெண்டாகப் போட்டிருக்கிறாய்.

போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. மூன்று தடவை.

ரிப்போர்ட்டில் எழுதிக்கொள்: தீர்ந்த ரிப்பனை வெளியே போடக் கூடாது. எரித்துவிட வேண்டும். நான் எரிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

ஜாஸ்பின்


பெரம்பூர்
9.3.2025

அன்பும் மரியாதையும் உள்ள ஜாஸ்பின் அத்தைக்கு, பிளெஸ்ஸி எழுதுவது. நான் சுகம் என்று எழுத மனசு வரவில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் ஜனவரிக் கடிதம் அப்பா சட்டைப் பையிலேயே ஆறு வாரமாக இருந்தது. நேற்றுத் துவைக்கப் போடும்போது பார்த்தேன். அப்பா பேரைச் சொல்லி நீங்கள் கோபப்படுகிறீர்கள். அத்தை, உங்களை அழித்தது அப்பா இல்லை. அப்பாவுக்கு அந்தப் பிரஷைப் பிடிக்கவே தெரியாது. நான்தான்.

ஜெபக்குமார் என்று ஒருவர், திருச்சியில் வேலை. அக்டோபரில் பேச்சு வந்தது. அவர்கள் அம்மா குடும்பப் படம் கேட்டார்கள். அப்பா லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "அத்தைய மட்டும் எடுத்துரும்மா. கல்யாணம் முடியட்டும், அப்பறம் நானே பேசிக்கிறேன்" என்றார். நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. உங்கள் மேல் பிரஷைத் தேய்த்தேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அந்தக் கையையும் எடுத்துரு" என்று அப்பா சொன்னார். அது ஒன்றுக்கு மட்டும் எனக்கு மனசு வரவில்லை. அழிக்க வராதென்று பொய் சொன்னேன். வரும். ஒரு இழுப்பு இழுத்தால் போதும்.

அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று அவர்கள் கேட்டபோது, அக்கா வடக்கே ஒரு அடைபட்ட மடத்தில் சிஸ்டர், வெளியே வர மாட்டார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். நான் பக்கத்தில் காபித் தட்டோடு நின்றேன்.

போன வாரம் அவர்கள் அம்மா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, ஒன் கை எங்கிட்டு கெடக்கு? யாரப் புடிச்சிருக்க?" என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய்விட்டார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை. கல்யாணம் நிற்கலாம். நின்றால் நிற்கட்டும் என்று சொல்ல ஆசை. ஆனால் அப்படியும் சொல்ல முடியவில்லை, அத்தை.

உங்கள் மகள்,
பிளெஸ்ஸி


பெரம்பூர்
24.3.2025

அக்காவுக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

தவக்காலம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் கேட்டுவிட்டு, "அக்காகிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல சொல்றீங்க?" என்றார்.

உன்னைக் கீரனூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அப்போது இருபத்தொன்று. காபி கொண்டுவந்து வைத்தவன் நான். உன் கையைப் பார்த்துவிட்டு ஒருத்தரும் டம்ளரைத் தொடவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருவர், "வெண்குஷ்டம்" என்றார். ஆறு டம்ளர் காபியையும் கொல்லையில் நான்தான் ஊற்றினேன். பிளெஸ்ஸிக்கு இப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது என்று பயந்தேன். அந்தப் பயத்தில், அன்று அவர்கள் செய்ததை நான் செய்துவிட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன், இதைச் சொன்னால்தான் என் வெட்கம் உனக்குப் புரியும். மடத்தில் இருக்கும் சிஸ்டருக்குக் கொடுங்கள் என்று ஜெபக்குமார் அம்மா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முட்டி வலி தீர ஜெபிக்க வேண்டுமாம். நாலு மாதமாக அது என் பர்சில் இருக்கிறது. ரயில் பாஸ் எடுக்கும்போதெல்லாம் கையில் படுகிறது. இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துப் போட எனக்குத் தைரியம் இல்லை.

உன்னை நேரில் பார்க்கவும் தைரியம் இல்லை.

ஜெரோம்


ஆவூர்
29.4.2025

இயேசு மரி சூசை துணை

தம்பி ஜெரோமுக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். உன் வாயுத் தொல்லை எப்படி இருக்கிறது?

பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். நீ ரெண்டு மாதம் எடுத்துக்கொண்டாய். திட்டி நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்கு அடியில் கிடந்த அந்தப் படம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பட்டனை அமுக்கி என்னை முதலில் அழித்தவள் நான். இது உன் குற்றத்துக்குச் சமாதானம் இல்லை. என் வெட்கம், அதனால் எழுதுகிறேன். அந்தப் படத்தை அடுப்பில் போட்டேன். நன்றாகவே எரிகிறது, அதையும் ரிப்போர்ட்டில் எழுது.

நேற்று முன்தினம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பார்த்தால் வீட்டு வாசலில் கார். ஜெபக்குமார், அவன் அம்மா, பிளெஸ்ஸி, பிளெஸ்ஸி அம்மா. என்னை நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று ஜெபக்குமார் அம்மாவே கிளம்பி வந்தார்களாம். உனக்குக் கடையில் லீவு இல்லை என்று பிளெஸ்ஸி அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்த்ததும் பிளெஸ்ஸி ஓவென்று அழுதாள். "அழுவாத, கண் மை பூராக் கரையுது பாரு" என்றேன். வேறென்ன சொல்ல? நானும்தான் அழுதேன்.

காபி போட்டேன். முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு தட்டை நீட்டினேன். அந்தம்மா எடுத்தார்கள். டம்ளரைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஒட்டுமா? பிள்ளைகளுக்கு வருமா?" என்று நேராகவே கேட்டார்கள். ஒட்டாது, சில குடும்பத்தில் வரலாம், வராமலும் இருக்கலாம், பிளெஸ்ஸிக்கு இதுவரை இல்லை என்று தெரிந்ததைச் சொன்னேன். "ம்" என்றார்கள். மிச்சக் காபியைக் குடித்து முடித்தார்கள். "எங்கிட்ட மொதல்லயே உண்மையச் சொல்லிருந்தா நான் என்ன சொல்லிருப்பேனோ, எனக்கே தெரியல. ஆனா ஒங்க தம்பி சொன்ன பொய்ய நெனச்சாத்தான் பத்திக்கிட்டு வருது. நாலு மாசமா யாருக்கோ சீட்டு எழுதிக் குடுத்துட்டு, ஜெபம் நடக்குதுன்னு நம்பிக்கிட்டு இருந்துருக்கேன்."

"நடக்குதுங்க. போன மாசம்தான் சீட்டு கைக்கு வந்துச்சு. தெனம் ஒரு ஜெபமாலை ஒங்க முட்டிக்குத்தான்" என்றேன். சீட்டை மாதா சுரூபத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினேன். அந்தம்மாவுக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. வலி குறையவில்லையாம், அதையும் சொன்னார்கள்.

ஜூன் பத்தொன்பது திருச்சியில் கல்யாணம். அவர்களே சொல்லிவிட்டுப் போனார்கள். நம் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது பீட்டர் முகத்தை நான் நிமிர்ந்து பார்ப்பேன். முதல் அழைப்பு கூடப் பிறந்தவள் வீட்டுக்குத்தான் வர வேண்டும், வெற்றிலை பாக்கு பூவோடு, நீயே எடுத்து வர வேண்டும். தபாலில் அனுப்பினால் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பிரிண்டரைத் தாராளமாக உன் முதலாளி வாங்கி அடுக்கலாம். நல்ல மிஷின். சொன்னதைச் செய்கிறது, அதன் மேல் குற்றம் இல்லை. கடைசி ரிப்போர்ட்டாக ஒரு படம் வைத்திருக்கிறேன். வாசலில் வைத்து ஆண்டிச்சாமி அண்ணன் எடுத்தார். ஜெபக்குமார், அவன் அம்மா, பிளெஸ்ஸி அம்மா, பிளெஸ்ஸி, அப்புறம் நான். பிளெஸ்ஸி கை என் தோளில் இருக்கிறது. என் முகத்தில் இருப்பது இருந்தபடி இருக்கிறது, எந்தப் பட்டனையும் தொடவில்லை.

எனக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம் வெறுமனே கிடக்கும். "தங்கச்சி, தள்ளி நில்லு, ஓரத்துல எடம் காலியா கெடக்கு" என்றார் ஆண்டிச்சாமி அண்ணன். இருக்கட்டும் என்றேன். பிரஷ் போட்டு யாரும் உன்னை அழிக்கவில்லை, ஜெரோம். நீ வரவில்லை.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்த அக்கா,
ஜாஸ்பின்